கை நீட்டாத ராத்தா

மேசை ஓரத்தில் இருக்கிற டீ கிளாஸ் முழங்கை பட்டுச் சரிகிறது என்று வையுங்கள். நீங்களாக இருந்தாலும் நானாக இருந்தாலும் யோசிப்பதற்கு முன்னாலேயே கை போய்விடும். பிடிக்கிறோமோ இல்லையோ, கையாவது போகும். ராத்தாவுக்குப் போகாது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அது தரையைத் தொடுகிற வரைக்கும் பார்ப்பார். உடைந்த பிறகுதான் மூச்சு விடுவார்.

"பாத்தியா புள்ள, அடிப்பக்கம் படல. வெளிம்புதான் மொதல்ல பட்டுச்சு. அதான் டீ பூரா இந்தப் பக்கம் தெறிச்சிருக்கு" என்பார். பிறகு அவரே துணி எடுத்து வந்து துடைப்பார்.

"இவ மனுசியா, கண்ணாடிக்கடைக்காரன் அனுப்பி வச்ச ஆளா?" என்று அவருடைய மாமியார் கேட்பார். அந்த வீட்டில் கண்ணாடி டம்ளர்கள் ஒருபோதும் ஜோடியாக இருந்ததில்லை.

ராத்தா லெப்பைக்குடிகாட்டுக்காரர். கணவர் வெளிநாட்டில். பிள்ளைகளின் படிப்புக்காக மாமியாரோடு பெரம்பலூருக்கு வந்து, துறையூர் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். நான் அப்போது பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கடையில் பிளக்ஸ் போர்டு வடிவமைத்துக்கொண்டிருந்தேன். காது குத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் என் கைதான். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்து நானாகப் பழகியது. அவர் பையனின் பள்ளிக்கூட விழாவுக்கு ஒரு பேனர் அடிக்க வந்தவர், அதிலே நான் போட்டிருந்த பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பூவெல்லாம் மேலேர்ந்து கொட்டுதா, சும்மா தொங்குதா?"

"கொட்டுதுக்கா."

"அப்படின்னா எல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு கொட்டாதே. ஒண்ணு குப்புற விழும், ஒண்ணு சுத்திக்கிட்டு வரும். எங்கிட்ட வேலைக்கு வர்றியா?"

பேனரைக் குறை சொன்ன கையோடு வேலைக்குக் கூப்பிட்ட ஆளை நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை, பின்னேயும் பார்க்கவில்லை. அக்கா என்று ஆரம்பித்தவள், அவர் வீட்டில் எல்லாரும் கூப்பிடுவதைக் கேட்டு ராத்தா என்று மாறிவிட்டேன்.

வேலை என்ன தெரியுமா? போனில் விளையாடுகிற கேம். மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு ரூம், மூன்று கம்ப்யூட்டர், மூன்று பொம்பளைகள். ராத்தா, நான், அரியலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிற சுகந்தி. சுகந்தி புரோகிராம் எழுதுவாள், நான் படம் போடுவேன், ராத்தா கீழே போடுவார். எதையாவது எடுத்துக் கீழே போடுவதுதான் அவர் வேலையில் பாதி.

எங்கள் கேம் இதுதான். ஒரு டிராக்டர். பின்னால் டிரெய்லர் நிறையக் கரும்பு. வயக்காட்டிலிருந்து எறையூர் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியெல்லாம் பள்ளம், வேகத்தடை, டிரெய்லரைப் பிடித்துத் தொங்கிக் கரும்பு உருவுகிற பிள்ளைகள். சாய்ந்தால் சரியும். சரிந்தால் ரோட்டில் கொட்டும். கொட்டாமல் போகிறவர்தான் ஜெயித்தவர். அவ்வளவுதான் விளையாட்டு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதைச் சொன்னால் போதும், முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கேமுக்குள்ளே ஒரு பொருள் தானாக விழாது. எடை என்ன, எங்கே இடித்தது, எந்தப் பக்கம் உருளும் என்று நொடிக்கு நொடி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கணக்குக்கென்றே வெளிநாட்டில் ஒரு கம்பெனி சாப்ட்வேர் வைத்திருந்தது. உலகத்தில் பெரிய பெரிய கேமெல்லாம் அதை வைத்துத்தான் ஓடியது. சுவர் இடிவதும், கார் உருள்வதும், துணி பறப்பதும் அதன் புண்ணியம். எங்களை மாதிரி சின்ன ஆட்களுக்கும் அதைப் பயன்படுத்த அனுமதி கொடுத்திருந்தார்கள். எங்கள் டிராக்டரில் அடுக்கியிருந்த கரும்பு ஒவ்வொன்றும் அந்த சாப்ட்வேரை நம்பித்தான் நின்றது, அதை நம்பித்தான் விழுந்தது.

ஆனால் ராத்தா அதை அப்படியே நம்ப மாட்டார். "கம்ப்யூட்டர் சொல்றது இருக்கட்டும். கரும்பு என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்பார். எந்தப் பொருளையும் முதலில் மாடியிலிருந்து நிஜமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் கீழே நின்று போனில் வீடியோ எடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் சுகந்தி எடை வைக்க வேண்டும். இதுதான் எங்கள் ஆபீஸ் சட்டம்.

முதன்முதலாகக் கரும்பு போட்டது பெரிய கூத்து. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் கட்டாக வைத்து விற்றதை வாங்கி வந்து, ஒரு வாரம் போட்டுப் போட்டுப் பார்த்து, எடையெல்லாம் வைத்து முடித்தோம். கேமில் ஓட்டினால் டிராக்டர் பள்ளத்தில் இறங்கினாலும் கரும்பு அசைய மாட்டேன் என்கிறது. சாப்ட்வேரில்தான் ஏதோ கோளாறு என்று சுகந்தி தலையைப் பிய்த்துக்கொண்டாள். மாடியில் துணி காயப்போட வந்த ராத்தாவின் மாமியார், எங்களுக்கு மாமி, கீழே கிடந்த கரும்பைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏன்டி, இது பொங்கலுக்குத் திங்கிற செங்கரும்பு. ஆலைக்கு இதையா ஏத்துவாங்க? அது வெள்ளையா, ஒல்லியா, இவளாட்டம் இருக்கும்" என்று சுகந்தியைக் கை காட்டினார்.

நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அத்தனை நாள் போட்ட கரும்பையும் மாடியிலேயே உட்கார்ந்து கடித்துத் தீர்த்தோம். மாமிக்குப் பல் இல்லை. "எனக்குச் சாறு எடுத்துக் குடுங்கடி, நான்தானே கண்டுபிடிச்சேன்" என்றார்.

அதற்குப் பிறகுதான் எறையூருக்குப் போனோம். அரவை நடக்கிற நேரம். ஆலை ரோட்டில் டிராக்டர்கள் வால் மாதிரி நின்றன. காற்றில் பாகு வாசனை. வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி வேகத்தடை இருந்த இடத்தில், புளியமரத்துக்கு அடியில் ராத்தா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காவல்காரர் வந்தார்.

"யாரப் பாக்க வந்தீங்கம்மா?"

"யாரையும் இல்லண்ணே. கரும்பு விழுறதப் பாக்க வந்தோம்."

அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னிக்கு எதுவும் விழலியேம்மா."

"பரவால்லண்ணே, இருக்கோம்."

அவர் என்ன நினைத்தாரோ, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். மத்தியானத்துக்கு மேலே ஒரு டிரெய்லர் வேகத்தடையில் ஏறி இறங்கியது. பின்பக்கம் இருந்து நாலைந்து கட்டு அப்படியே சரிந்து, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ரோட்டில் விழுந்து பிரிந்தது. ராத்தா எழுந்து நின்று கைதட்டிவிட்டார். டிராக்டர்காரர் இறங்கி வந்து, "எங்கரும்பு கொட்டுனா கைதட்டுறீங்களே, எந்த ஊருங்க உங்களுக்கு? நல்லா இருப்பீங்களா?" என்று சத்தம் போட்டார். ராத்தா போய்க் குனிந்து ஒரு கட்டைத் தூக்கினார். நாங்களும் தூக்கினோம். எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, "அண்ணே, இன்னொரு தடவ அதுல ஏத்தி எறக்குவீங்களா?" என்று கேட்டார் பாருங்கள். அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

சிரிப்பாகச் சொல்கிறேன். ஆனால் இந்தக் குணம் எல்லா நேரமும் சிரிப்பாக இருந்ததில்லை. ஒருநாள் ரூம் சுவரில் காலண்டர் மாட்ட ஸ்டூல் மேல் ஏறினேன். ஸ்டூல் ஆடியது. பக்கத்திலேயே நின்ற ராத்தா கையை நீட்டவில்லை. நான் விழுந்து எழுந்தபோது, "எடது காலு மொதல்ல போச்சு, கவனிச்சியா?" என்றார். எனக்குக் கோபம் வந்து அன்று மத்தியானம் வரை பேசவில்லை.

அதைவிட மோசம் அவருடைய சின்னப் பையன் விஷயம். நடை பழகின வயது. வீட்டுக்குள்ளே ஹாலிலிருந்து அடுப்படிக்கு இறங்க மூன்று படி. அவன் தள்ளாடிக்கொண்டு முதல் படிக்கு வருகிறான். ராத்தா எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் "ஐயோ" என்று ஓடி வருவதற்குள் அவன் சரிந்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில், "நீங்கல்லாம் பெத்த தாயா?" என்று கேட்டே விட்டேன். மாமி அடுப்படியிலிருந்து, "நல்லாக் கேளு, கல்லு நெஞ்சுக்காரி" என்றார்.

ராத்தா படிக்குக் கீழே கையைக் காட்டினார். அங்கே இரண்டு தலையணையும் மடித்த கம்பளியும் போட்டிருந்தது. பையன் அதில் புதைந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"எங்க உம்மா என்னைய விழவே விடல புள்ள. எப்பவும் கையப் புடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கல்யாணம் ஆகி வர்ற வரைக்கும் எனக்கு விழுந்தா எப்படி இருக்கும்னே தெரியாது" என்றார். பிறகு சொன்னார்: "விழுறத நான் தடுக்க மாட்டேன். கீழ என்ன இருக்குன்னு மட்டும் முன்னாடியே பாத்து வச்சுக்குவேன்."

அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். நான் ஸ்டூலிலிருந்து விழுந்த அன்றைக்கு, அந்த மூலையில் எப்போதும் கிடக்கிற இரும்புப் பெட்டி நகர்ந்திருந்தது. யார் எப்போது நகர்த்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஸ்டூல் ஆடும் என்று அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

கேம் முடிகிற கட்டத்துக்கு வந்தது. சென்னைக் கம்பெனி ஒன்று பொங்கலுக்கு அதை வெளியிடுவதாக ஒத்துக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து ராத்தாவின் கணவர் போனில் பேசுவார். நல்ல மனிதர், அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: "பொங்கலுக்குள்ள உன் டிராக்டர் ஓடிருச்சுன்னா நீ அங்கயே இருந்து பாரு. ஓடலன்னா ரூமப் பூட்டிட்டு புள்ளைங்களோட இங்க வந்துரு. நானும் எத்தன நாளைக்குத்தான் தனியாப் பொங்கித் திங்கிறது?" ராத்தாவும் "சரி மச்சான், இன்ஷா அல்லாஹ்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கை மாற்றுகிற ஆள் இல்லை அவர். டிராக்டர் ஓடாவிட்டால் மாடி ரூமுக்குப் பூட்டு. சுகந்தியும் நானும் பழைய வேலைக்கு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலையில் சுகந்தி அரியலூர் பஸ்ஸை விட்டு இறங்கி, தலையெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரித் தூசியோடு, மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"ராத்தா, நம்ம சாப்ட்வேர வித்துட்டாங்க!"

"எத?"

"கரும்ப விழ வைக்கிறோம்ல, அதை. பெரிய கம்பெனி ஒண்ணு வாங்கிருச்சு. அவங்களே சொந்தமா, டிவில மாட்டி வெளையாடுற கேம் பொட்டி செஞ்சு விக்கிறவங்க. இனிமே அந்தப் பொட்டிக்கு மட்டும்தான் குடுப்பாங்க, மத்தவங்களுக்கெல்லாம் நிறுத்திருவாங்கன்னு ஆளாளுக்கு எழுதுறாங்க. நம்மது போன்ல ஓடுறது ராத்தா. நம்மள என்ன பண்ணுவாங்கன்னே தெரியல."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்தார். "வித்தா என்ன? வூட்ட வித்தா, வாங்குனவன் குடியிருக்கிறவன உடனேவா வெளிய தள்ளுவான்?"

"தள்ளுறவனும் இருக்கான் மாமி" என்றாள் சுகந்தி.

நான் ராத்தாவைப் பார்த்தேன். "விழட்டும், பாப்போம்" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மேசையில் ஒரு பேனா உருண்டது. ராத்தா சட்டென்று கையை நீட்டி அதைப் பிடித்துவிட்டார்.



சாப்ட்வேரை வாங்கிய கம்பெனிக்கு சுகந்தி எழுதிக் கேட்டாள். பதில் வரவில்லை. நாட்கள் போயின. ராத்தா எல்லாவற்றையும் பிடிக்க ஆரம்பித்தார். சரிகிற பாட்டில், நழுவுகிற போன், பையன் தட்டிவிட்ட தட்டு, எல்லாம் கீழே போவதற்குள் அவர் கையில். பையன் படிக்கு வந்தால் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டார். அவனுக்கே அது புதிதாக இருந்தது, கத்தினான். ஒருநாள் மாமி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்புள்ள, இவளுக்கு என்னா? இத்தன நாளா ஒரு கிளாஸுகூட உடையல. எனக்குப் பயமா இருக்கு."

அதற்கிடையில் இன்னொன்றும் செய்து பார்த்தோம். சாப்ட்வேரே இல்லாமல், கரும்பு விழுவதை நான் கையாலேயே ஒவ்வொரு படமாகப் போட்டுக் கொடுத்தால் என்ன என்று ராத்தா கேட்டார். போட்டேன். கண் வீங்கிப் போகிற அளவுக்குப் போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ராத்தா டிராக்டரைப் பள்ளத்தில் விட்டுக் கவிழ்த்தார். திரும்ப விட்டுக் கவிழ்த்தார். இன்னொரு தடவையும். பிறகு கம்ப்யூட்டரை அணைத்தார்.

"எத்தன தடவ விழுந்தாலும் ஒரே மாதிரி விழுது. இது விழுறது இல்ல புள்ள. விழுற மாதிரி நடிக்குது."

என்னைக் குற்றம் சொல்லவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தார். அன்றைக்கு மாடிச் சுவர் ஓரமாக அவர் நின்றபோது பக்கத்தில் போய் நின்றேன். "ஏன் ராத்தா இப்பல்லாம் எல்லாத்தையும் புடிச்சுப் புடிச்சு வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

துறையூர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இது வரைக்கும் எது விழுந்தாலும் கீழ என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். இதுல தெரியல."

கம்பெனியின் பதில் எப்போது வந்தது, எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் மற்றதை முடித்துவிடுகிறேன். பொங்கலுக்கு எங்கள் டிராக்டர் ஓடியது. தெருவில் போகிற பையன் ஒருவன் போனைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "போச்சு, போச்சு, கொட்டிருச்சு!" என்று கத்துவதைப் பஸ் ஸ்டாண்டில் வைத்து நானே பார்த்தேன். அது எங்கள் கரும்புதானா என்று எட்டிப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டு, பஸ்ஸையும் விட்டுவிட்டேன். ராத்தா அதற்குப் பிறகு இன்னொரு கேமும் செய்தார். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, அவராக மனசு வைத்துத்தான் கணவரிடம் போனார். யாரும் ரூமைப் பூட்டச் சொல்லவில்லை. அதே ரூமில்தான் இப்போது சுகந்தியும் நானும் வேலை செய்கிறோம். எப்போதாவது ராத்தா அங்கிருந்து வீடியோ அனுப்புவார். குரல் இருக்காது, முகம் இருக்காது. ஒரு பேரீச்சம்பழக் குலை மரத்திலிருந்து விழும். அவ்வளவுதான்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். மாமி புதிதாக வாங்கிய பூப்போட்ட கண்ணாடி டம்ளர்கள். உடையாத காலம் வந்துவிட்டதே என்று தைரியமாக வாங்கியிருந்தார். சுகந்தி போனைப் பார்த்தபடியே இருந்தவள் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ராத்தா, பதில் வந்திருக்கு."

 அவள் உதடு அசையப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு, நம்பாமல் மேலே போய்த் திரும்பவும் படித்தாள்.

"என்னடி போட்டிருக்கு? வாயத் தொறந்து சொல்லு" என்றார் மாமி.

"ஏற்கெனவே யார் யாருக்குக் குடுத்திருக்காங்களோ அது அப்படியே இருக்குமாம். நமக்கும்தான். இனிமேலும் எல்லாருக்கும் குடுப்பாங்களாம், அவங்களுக்குப் போட்டியா பொட்டி விக்கிறவங்களுக்குக்கூட. நம்ம வேலைய நாம பாக்கலாமாம் ராத்தா. எதையும் மாத்த வேணாமாம்."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல!" மாமி தொடையில் தட்டினார். "குடியிருக்கிறவன எவன்டி தள்ளுவான்? வாங்குனவனுக்கும் வூட்ல ஆள் இருந்தாத்தானே மதிப்பு!"

ராத்தா முகத்தைத் துப்பட்டியால் ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டார். இத்தனை நாளாகத் தூக்கி வைத்திருந்த எதையோ இறக்கி வைத்த மாதிரி அவர் தோள் இரண்டும் கீழே வந்தன. அதைப் பார்த்துத்தான், அவை இவ்வளவு நாளும் மேலேயே இருந்திருக்கின்றன என்று எனக்குத் தெரிந்தது.

நான் சந்தோஷத்தில் எழுந்தேன். என் இடுப்பு மேசையில் இடித்தது. ஓரத்தில் இருந்த டம்ளர் ஒன்று சாய்ந்து, உருண்டு, விளிம்புக்கு வந்தது. என் கை போனது.

போன கையை ராத்தா பிடித்துக்கொண்டார்.

"விடு புள்ள. விழட்டும்."

நாங்கள் நாலு பேரும் பார்த்தோம். டம்ளர் விளிம்பைத் தாண்டி, காற்றில் ஒரு சுற்று சுற்றி, மிச்சமிருந்த டீயை ஒரு பக்கமாக வீசிக்கொண்டு கீழே போய்ச் சிதறியது. பூப்போட்ட ஒரு துண்டு கதவு வரைக்கும் சறுக்கிக்கொண்டு போய் நின்றது. ராத்தாவின் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. மூச்சை விட்டார்.

"அடிப்பக்கம்தான் பட்டுச்சு, பாத்தியா" என்றார்.

மாமி அந்தச் சிதறலையே பார்த்துக்கொண்டிருந்தார். புது டம்ளர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நெஞ்சில் கை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அந்த நன்றி சாப்ட்வேருக்கா, டம்ளருக்கா என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ராத்தா துணி எடுத்து வரப் போனார்.